எத்தனையாவது நிமிடத்தில் அந்தக் காட்சி

ஜூன் 4, புதன்

விடிந்ததிலிருந்தே வெக்கை. காட்டாங்குளத்தூர் போகிற வண்டியில் தாம்பரத்திலேயே உட்கார இடமில்லை. கல்லூரி விடுமுறையாம், பெயருக்குத்தான். விடைத்தாள் கட்டு எனக்காகக் காத்திருந்தது.

செய்ய வேண்டியவை:
கேஸ் சிலிண்டர் பதிவு.
அக்காவுக்குக் கண் சொட்டு மருந்து.
வெள்ளி காலைக் காட்சிக்கு டிக்கெட்.
அந்தக் கமெண்டுக்குப் பதில்.

கடைசிதான் உறுத்துகிறது. மூன்று வாரம் முன்பு தினேஷின் யூடியூப் சேனலில் கௌசல்யா என்கிற பெண் எடுத்த முதல் படத்தைப் பற்றிப் பேசினேன். படம் பரவாயில்லை ரகம். ஆனால் கடைசிக் காட்சி: புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பெண்டாட்டி ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறாள். உள்ளேயிருந்து அவன் குரல்: "மோர் எங்க?" அவள் தெருமுனை தாண்டிவிட்டாள்.

இது ப.ப.வில் வரும் காட்சி என்றேன். (ப.ப. = பழைய படம். என் நோட்டில் வேறு எந்தப் பழைய படத்துக்கும் இந்தச் சுருக்கம் கிடையாது. அவ்வளவு பக்தி.) சுட்டது என்றுகூடச் சொல்லவில்லை, திருட்டு என்றேன். நன்றாக நினைவிருக்கிறது, மேஜையைத் தட்டிச் சொன்னேன். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஊரெல்லாம் பரப்பினார்கள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது, அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு.

நேற்று ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "சார், ப.ப. முழுசாப் பார்த்தேன். அந்த சீன் எத்தனையாவது நிமிஷத்துல வருது?"

தெனாவட்டு. பதில் போட வேண்டும், நிமிடம் போட்டு.

ஜூன் 5, வியாழன்

வரவில்லை.

இரண்டு மணி நாற்பது நிமிடம். மாலை நாலு மணிக்கு உட்கார்ந்தேன். முடிந்ததும் மறுபடி, ஓட்டி ஓட்டி. கதாநாயகி சோறு போடுகிறாள், விசிறுகிறாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாள். கடைசியில் காலில் விழுகிறாள். அவன் தோளைத் தொட்டுத் தூக்குகிறான். வணக்கம்.

பூட்டே இல்லை. அந்த வீட்டுக் கதவு ஒரு தடவைகூடச் சாத்தப்படவில்லை.

இருபது வருடமாக எத்தனை மேடை, எத்தனை கட்டுரை. 'ஒரு வசனம் இல்லாமல் ஒரு பூட்டை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொன்ன மேதை' என்று வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன், இயற்பியல் வகுப்பில். இன்று பார்த்தால் வெளிச்சம் அழகு, நிழல் அழகு, நடிப்பு ஒன்றாம் தரம், எல்லாம் சேர்ந்து அவளைக் காலில் விழ வைக்கத்தான். நம் பொற்காலம் என்று நான் தூக்கிப் பிடித்ததில் பாதி இப்படித்தான் முடிகிறது. கண்ணீரில் கழுவி, குங்குமம் வைத்து, வீட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது? கடைசியாக முழுசாக எப்போது பார்த்தேன்? யோசித்தால், ஐந்து வயதில்.

மனைவி சுமதி காபியோடு வந்தாள். "நீங்கதானே சொல்வீங்க, டிவிக்காரன் கண்ட இடத்துல வெட்டிடறான்னு. இதுவும் அப்படி இருக்கும்."

இருக்கும். நீளமான பிரதி ஒன்று எங்கோ இருக்கும். கமெண்டுக்குப் பதில் போடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலைக் காட்சி, பெரிய நடிகர் படம். அவர் காரிலிருந்து இறங்க மூன்று நிமிடம், மூக்குக்கண்ணாடி மாட்ட ஒரு நிமிடம். ஐந்து மொழியிலும் ஒரே ரத்தம். எந்த ஊர்க் கதை என்று கடைசி வரை தெரியவில்லை, அதனால் எந்த ஊரிலும் ஓட்டலாம். பெண் கதாபாத்திரம் உண்டு: இடைவேளைக்கு முன்பு செத்துவிடுகிறார். பக்கத்து சீட்டில் ஒருத்தர் ஃபோனில்: "படமா? இன்னாத்த சொல்றது. காது பேஜாராயிட்ச்சு. நீ வராத."

என் நாலு பக்க விமர்சனத்தை அவர் நாலு வரியில் முடித்துவிட்டார்.

வருகிற வழியில் பல்லாவரம் சந்தை. பழைய ஃபேன், ஒற்றைச் செருப்பு, புறாக்கூண்டு இவற்றுக்கு நடுவே சினிமாப் பாட்டுப் புத்தகக் கட்டு. ப.ப. பாட்டுப் புத்தகம் கிடைத்தது! கதைச் சுருக்கம் ஒரு பக்கம். கணவன் மனம் மாறினானா, அவள் என்ன முடிவெடுத்தாள் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. நடு வெயிலில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். கடைக்காரர் பயந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கௌசல்யாவின் ஃபோன். தினேஷிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.

"சார், நான் அந்தப் படம் பார்த்ததே இல்ல. நீங்க சொன்னப்புறம்தான் பார்த்தேன். அதுல அப்படி ஒண்ணும் இல்லையே சார்."

"நீளமான பிரதி ஒண்ணு இருக்கும்மா."

"எங்க சார் இருக்கு?"

அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். படம் இருபதாம் தேதி ஓடிடியில் வருகிறது. வாங்கிய கம்பெனிக்காரர்களின் வக்கீல் என் வீடியோவைப் பார்த்திருக்கிறார். பழைய படத்துக்காரர்கள் வழக்குப் போட்டால் என்ன செய்வது, காட்சியைத் தூக்கு என்கிறார். "திங்கட்கிழமை மதியத்துக்குள்ள நீங்க எழுத்துல ரெண்டு வரி குடுத்தா போதும் சார். தப்பாச் சொல்லிட்டேன்னு. அந்த சீனுக்காகத்தான் சார் அந்தப் படத்தையே எடுத்தேன்."

"அந்தக் காட்சி உனக்கு எப்படித் தோணிச்சு?"

"தோணல சார். எங்க தெருவுல ஒரு அக்கா செஞ்சாங்க. எந்தத் தெருவுல கேட்டாலும் ஒருத்தர் இருப்பாங்க சார்."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என்ன பார்ப்பது? பார்த்தாகிவிட்டது. கோழை.

ஜூன் 7, சனி

குரோம்பேட்டையில் பதிவு. தினேஷின் மாடி அறை, ஏ.சி. ஓடினால் சத்தம் பதிவாகிறது என்று அணைத்துவிடுவான். வியர்வையோடு உலக சினிமா.

ஆரம்பிப்பதற்கு முன் சொன்னேன். "கௌசல்யா விஷயம். நான் சொன்னது தப்பு. இன்னிக்கே சொல்லிடறேன்."

கேமராவை நிறுத்தினான். "சார், விளையாடாதீங்க. நம்ம சேனல்ல அதான் டாப்பு. ஜனங்க உங்களைப் பார்க்கறதே ஞாபகசக்திக்காகத்தான். பழைய படத்துல எந்த ஷாட் எங்கன்னு சார் சொன்னா சரியா இருக்கும்னு நம்பறாங்க. இப்பப் போயி ஞாபகம் இல்லைன்னா, இருபது வருஷமா சொன்னது எல்லாமே டவுட்டாயிடும் சார்."

"அந்தப் பொண்ணு?"

"சின்னப் பொண்ணு சார், இன்னும் பத்துப் படம் எடுக்கும்."

இதற்கு நான் என்ன செய்தேன்? பெரிய நடிகரின் மூக்குக்கண்ணாடியைக் கிண்டல் செய்து பதினெட்டு நிமிடம் பேசிவிட்டு வந்தேன். நன்றாகப் பேசினேன் என்று தினேஷ் கைகொடுத்தான். வெட்கமாக இருக்கிறது.

சொல்லாமல் விட என்னிடம் இருக்கும் காரணங்கள்: (1) பிரதி கிடைக்கலாம். கிடைக்காது. (2) மறதி மனித இயல்பு. அவளைத் திருடி என்றபோது இந்த இயல்பு எங்கே போனது? (3) பெயர் கெடும். இதுதான் நிஜம்.

ஜூன் 8, ஞாயிறு

பொழிச்சலூர். அக்காவுக்கு மருந்து கொடுத்தேன். எனக்கு ஆறு வயது மூத்தவள், கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி. பெரிய நடிகர் கெட்டார், அவ்வளவு மிடுக்கு. சாப்பிடும்போது சும்மா கேட்டேன்.

"அக்கா, அம்மா நம்மள ப.ப.வுக்குக் கூட்டிட்டுப் போனாளே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? மேட்னி ஷோ."

"அதுல ஒருத்தி புருஷனை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவாளே, அவன் மோர் எங்கன்னு..."

மேலே விமானம். இந்த வீட்டில் எந்தப் பேச்சும் நடுவில் நின்றுதான் தொடரும். சத்தம் அடங்கும் வரை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்துல ஏதுடா அது? அது நம்ம வீடு."

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிவைக்கிறேன்.

"அப்பா அதுக்கு முதல் நாள் தட்டைத் தூக்கி எறிஞ்சாரு. குழம்புல உப்பு இல்லைன்னு. அம்மா நெத்தியில பட்டுது. மறுநாள் எதுவும் நடக்காத மாதிரி அவருக்குச் சோறு போட்டா. ரசம் வரைக்கும் போட்டா. அப்புறம் நம்ம ரெண்டு பேர் கையையும் பிடிச்சா. வெளிய வந்து பூட்டினா. சாவியைத் தலைப்புல முடிஞ்சுக்கிட்டா. நாம தெருவுல இறங்கறோம், உள்ள இருந்து அப்பா, 'மோர் எங்கடி?'ங்கறாரு. நீ சிரிச்சே. அம்மா உன் வாயைப் பொத்தினா."

"எங்க போனோம்?"

"எங்க போறது? கையில டிக்கெட்டுக்குத்தான் காசு இருந்துது. கொட்டாய்க்குப் போனோம். அந்தப் படம் ஓடிச்சு. படம் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு, அம்மா எந்திரிக்கல. பெருக்க வந்தவங்க தொட்டு எழுப்பினாங்க. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தா. அப்பா தூங்கிட்டு இருந்தாரு. எழுப்பி மோர் குடுத்தா."

அக்கா எனக்கு மோர் ஊற்ற வந்தாள். வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தேன். அழுதுவிட்டேன். ஐம்பத்து மூன்று வயது, எச்சில் கையோடு.

யாரோ ஒரு இயக்குநரை மேதை மேதை என்று இருபது வருடம் கும்பிட்டிருக்கிறேன். அது அம்மா.

கௌசல்யா விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு. ஆனா அம்மா கதையை எங்கயும் பேசாத. அவ என்கிட்டகூட அதைப் பத்தி அப்புறம் பேசினதில்ல. நீ போய் மேடையில ஏத்தாத" என்றாள்.

சரி என்றேன்.

ஜூன் 9, திங்கள்

காலையில் ஒன்பதுக்குள் எழுதி அனுப்பிவிட நினைத்தேன்.

வரைவு 1: 'மூத்த விமர்சகன் என்ற முறையில்...' கிழித்தேன்.
வரைவு 2: 'நினைவின் விசித்திரம் பற்றி...' இன்னும் மோசம், மன்னிப்பிலும் ஒரு கட்டுரை.
வரைவு 3: 'நான் சொன்ன காட்சி அந்தப் பழைய படத்தில் இல்லை. நான்தான் தவறாகச் சொன்னேன். கௌசல்யா யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை.'

மூன்றே வரி. பதினொன்றரைக்கு ஃபோனில் தயார். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது. அப்புறம் துறைக் கூட்டம். அப்புறம் சாப்பாடு. கூட்டத்தில் யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, பாதியில் எழுந்து போயிருக்கலாம். தினேஷ் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது, எல்லாமே டவுட்டாயிடும், எல்லாமே டவுட்டாயிடும்.

அனுப்பியபோது மாலை ஐந்தே கால், ரயிலில், வண்டலூர் தாண்டி. அதே மூன்று வரியை ஃபோனைப் பார்த்துப் பேசி என் பக்கத்திலும் போட்டேன், தினேஷைக் கேட்காமல். எதிர் சீட்டு அம்மா நான் யாரிடமோ வம்பு செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார்கள்.

மதியம் என்றால் என்ன, மாலை என்றால் என்ன. கம்பெனிக்காரன் என்ன மணி பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பான்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று இரண்டு மழைத்துளி, இன்று இரண்டு மடங்கு புழுக்கம்.

மறுப்பு வீடியோவைப் பார்த்தவர்கள் சொற்பம். 'யார் மிரட்டினாங்க சார்?' 'பெண் என்பதால் பணிந்துவிட்டீர்களா?' 'வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடுங்க.' கடைசியானவர் மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார். தினேஷ் ஃபோனை எடுக்கவில்லை.

கௌசல்யாவிடமிருந்து காலையில்: 'பார்த்தேன் சார். நன்றி.'

நன்றி என்றாளே. நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். மேலே கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்றும் எழுதலாம்.

ஜூன் 21, சனி

நோட்டைத் தொட்டுப் பத்து நாளாயிற்று. எழுத ஒன்றுமில்லை. சேனலில் எனக்குப் பதில் வேறொருவர் பேசுகிறார், சின்ன வயது, நல்ல குரல்.

காலை பத்துக்கு அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள், கறுப்புக் கண்ணாடியோடு. "டாக்டர் டிவி பார்க்கலாம்னுட்டாரு. அந்தப் பொண்ணு படம் வந்துடுச்சாமே. போடு." நேற்று இரவே கேட்டுவிட்டாளாம் சுமதியிடம். குளித்து, நல்ல புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள், தியேட்டருக்கு வருவதுபோல.

மூவரும் உட்கார்ந்தோம். சுமதி முறுக்கு வைத்தாள். நடுவில் இரண்டு பாட்டை அக்கா ஓட்டிவிடச் சொன்னாள். கடைசி வந்தது. புருஷன் உட்கார்கிறான். இலை இல்லை, தட்டு. அவள் சோறு போடுகிறாள். ரசம் ஊற்றுகிறாள். அக்கா சோபா நுனிக்கு வந்துவிட்டாள்.

அவன் பிசைகிறான். அடுத்து, அவளும் பிள்ளையும் பஸ்ஸில். ஜன்னல், காற்று, பின்னணி இசை. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

பின்னால் ஓட்டிப் போட்டேன். பிசைகிறான், பஸ். இன்னொரு தடவை. பிசைகிறான், பஸ்.

"என்னடா இது," அக்கா கேட்டாள். "அவன் உள்ள சாப்பிடறான். இவ பஸ்ல இருக்கா. நடுவுல?"

"எடுத்துட்டாங்க அக்கா."

"யாரு?"

"நான்தான். மதியத்துக்குள்ள எழுதிக் குடுத்திருந்தா இருந்திருக்கும்."

சுமதி எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்தாள். அக்கா ஒன்றும் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள், மருந்து போட்ட கண்ணைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து. வெள்ளை எழுத்துகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பூட்டினாடா," என்றாள்.