வாய்க்கு வேறு ரூட்

ஜூலை 8, செவ்வாய்
விடாத மழை. ஆஸ்பத்திரி. பக்கவாதம் வந்து ஒரு மாதம். கை கால் தேறிவிட்டது, எழுத வருகிறது, வாய் மட்டும் ஸ்ட்ரைக். பேச்சுப் பயிற்சி மேடம் ஸ்கேன் காட்டினார். இவ்வளவு பெரிய மூளையை அவர் பார்த்ததே இல்லை. (சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.) இடப்பக்கம் பேச்சாம், அங்கேதான் அடி. வலப்பக்கம் ராகம், தாளம். அது முழுசாக இருக்கிறது. "பாட்டு வழியா புதுசா கத்துக்கலாம் அங்கிள்." சினிமாப் பாட்டு பாடச் சொன்னார். வெறும் காற்று.
வாங்கியது: மாத்திரை, சுர்மை மீன்.

ஜூலை 9
என் மனைவி செல்வியின் தம்பி ராசு மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்துவிட்டான். எங்கள் இரண்டு பேரையும் திங்கட்கிழமைக் கப்பலில் ராமநாதபுரம் கூட்டிப்போகிறானாம். டிக்கெட்டும் போட்டாயிற்று. யாரைக் கேட்டு? வண்டூர் பஸ் கண்டக்டர் நான். என் குரலுக்குத் துறைமுகத்தில் கப்பலே திரும்பிப் பார்க்கும். 'வரமாட்டேன்' என்று எழுதிக் காட்டினேன். சிரித்தான். "பஸ்லயும் எழுதியா காட்டுவீங்க மச்சான்? வாயால சொல்லுங்க, விட்டுடறேன்."
செல்வி அடுப்படிக்குள் போய்விட்டாள். மீன் கருகல்.

ஜூலை 11, வெள்ளி
ரோட்டில் வண்டூர் வண்டி ஹார்ன். என் வாய் தானாக ஸ்டாப் வரிசையை: அபர்தீன், கோல்கர், ஜங்கிலிகாட், காராசர்மா, சிப்பிகாட், வண்டூர். பழைய இழுப்போடு! செல்வி மேடத்துக்குப் போன் போட்டாள். இடக்கையால் தொடையில் தாளம் தட்டி, ஸ்டாப் வரிசையின் வாலில் வேண்டிய சொல்லைக் கட்டிவிட வேண்டுமாம். கண்டுபிடிப்பு என்னுடையது. மேடம் பெயர் வாங்கிக்கொள்ளட்டும்.

ஜூலை 12
காலை முழுக்க: வண்டூர், தண்ணி. வண்டூர், சோறு. நடுவில் ஏற முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் அபர்தீனிலிருந்துதான் கிளம்ப வேண்டும். பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் சன்னல் வழியே, "அரே பாயி, ஏக் டிக்கெட் தோ." ஒரு டிக்கெட் வேணுமாம். சிரிக்கட்டும். மாலையில் 'வர' வரைக்கும் வந்தது. மிச்சம் தொண்டையில்.

ஜூலை 13, ஞாயிறு
வெயில். ராசு பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். எதிரே போய் நின்றேன். தொடையில் தட்டு. ஒரு ஸ்டாப் விடவில்லை. சிப்பிகாட், வண்டூர், வர-மாட்-டேன்.
பஜார் வரை கேட்டிருக்கும்.
ராசு வாயைத் திறந்தான். செல்வி முந்திக்கொண்டாள். "ரெண்டு டிக்கெட்டயும் கேன்சல் பண்ணுடா."
சரியென்று தலையை ஆட்டினான். நான் நிறுத்தவில்லை. மறுபடி அபர்தீன்.