ஊதா நிறத்தில் ஓடிய ஆறு

அன்புள்ளவளுக்கு,

சாய ஆலை வழக்கு சமரசத்தில் முடியப்போகிறது. கழிவு ஆற்றில் கலந்த ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் உண்டு. அரசு வழக்கறிஞரான நான்தான் நாள்களை உறுதிசெய்ய வேண்டும். ஒன்பதே நாள் என்கிறது ஆலை. மறுக்க என்னிடம் சான்று இல்லை.

நேற்று பாலத்தில் நின்றேன். நீர் தெளிந்துவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றதில் அந்த மாலை நினைவில் மெல்ல மேலெழுந்து வந்தது. ஆறு முழுவதும் ஊதா. நம் இருவர் நிழலும் அதில் மிதந்தன.

"இங்க பாருங்க, தண்ணி நிறமே மாறிக் கிடக்கு" என்றாய்.

"அந்தி வெளிச்சம்" என்றேன்.

"ஆமா, நான் எதைச் சொன்னாலும் உங்களுக்குச் சாட்சி வேணும்." சிரிக்காமலே சொன்னாய். அன்றே பெட்டியோடு உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

கழிவு கலக்கத் தொடங்கியதாக ஆலை சொல்லும் தேதிக்கு இருபது நாள் முந்தைய மாலை அது. சாட்சியே வழக்கை நடத்தலாகாது. ஆகவே கோப்பைச் சக வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன்.

"தேதி எப்படி சார் இவ்வளவு உறுதியா ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார் அவர்.

பதிலை வாக்குமூலத்திலேயே எழுதினேன்: 'அன்றுதான் என் மனைவி வீட்டைவிட்டுப் போனாள். அவள் கண்டது சரி. நான்தான் நம்பவில்லை.'

நகலை இணைத்துள்ளேன். பிழை இருப்பின் நேரில் வந்து திருத்தலாம்.

வெளிச்சத்தின்மேல் பழிபோட்ட
உன் கணவன்