லாத்தா வீட்டு விலாசம்

17.1.2024
மூன்று மாத இருமலுக்கு இன்றைக்குத்தான் பேர் கிடைத்தது. காசநோய். சளியில் கிருமி இருக்கிறதாம்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கிளாடிஸ் சிஸ்டர் பதிவு எழுதினார். பேர் மூஸா நெய்னா, வயது முப்பத்தெட்டு, துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை. எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். வீட்டு விலாசம் கேட்டார். எதைச் சொல்ல? காயல்பட்டினத்து மாப்பிள்ளைக்கு ஏது ஒரு வீடு? ஒன்பது வருஷமாகப் பகல் சாப்பாடு கூடப் பிறந்த அக்கா, லாத்தா வீட்டில், ராத்திரி படுக்கை பெண்டாட்டி சமீரா வீட்டில். சமீரா வீட்டு வாசலில் காசநோய் ஆபீஸ் ஆள் வந்து நின்றால் மாமி முகத்தில் எப்படி முழிப்பேன்?

லாத்தா விலாசத்தைக் கொடுத்தேன். ஆதாரிலும் அதுதான் இருக்கிறது.

"வீட்டுல குழந்தைங்க உண்டா?"

இல்லை என்றேன். அந்த வீட்டில் இல்லைதானே.

23.1.2024
டாக்டர் பத்மஸ்ரீ ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொன்னார். மாத்திரையோடு மாதம் ஓர் ஊசி. "மாத்திரை கிருமியக் கொல்லும். ஊசி உங்க உடம்புக்குக் கிருமிய அடையாளம் காட்டும். அப்புறம் உங்க ரத்தமே சண்டை போடணும். இது பலிக்குதான்னு பாக்கத்தான் ஆராய்ச்சி. மாத்திரைய மட்டும் ஒருநாளும் விட்டுராதீங்க." கையெழுத்துப் போட்டேன். சமீராவிடம் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி, மாடியில் தனியாகப் படுத்துக்கொள்கிறேன். மகள் ருமைஸாவுக்கு ஏழு வயது. படியேறி வந்து கதவைத் தட்டுகிறாள். திறக்கவில்லை.

ஆனால் மூன்று மாதமாக என் மேல் காலைப் போட்டுத்தானே தூங்கினாள்?

9.2.2024
காசநோய் ஆபீஸிலிருந்து ராமர் என்பவர் லாத்தா வீட்டுக்கு வந்தார். லாத்தாவுக்கும் ஸுஹைப் மச்சானுக்கும் டெஸ்ட் எடுத்து, நோய் வராமலிருக்க மாத்திரையும் கொடுத்தார். "இந்த வீட்ல படுக்கிறவங்க இவ்வளவுதானா அண்ணாச்சி?"

இவ்வளவுதான் என்றேன்.

அவர் போனதும் லாத்தா பிடித்துக்கொண்டாள். "ஏலே, எங்களுக்கு எதுக்குலே இது? அங்கன பச்சப்புள்ள இருக்கு. சமீராகிட்ட சொல்லு, இல்ல நான் போயிச் சொல்லுவேன்." அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நோன்புப் பெருநாள் வரட்டும், அன்றைக்கு நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

10.2.2024
தூக்கமில்லை. எனக்கு என்னதான் பயம்? மாமி தட்டைத் தனியாக வைப்பார் என்றா?

5.3.2024
எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. சளியில் கிருமி இல்லை. ஊசி போட்ட இடம் வீங்கியதில் எனக்கு ஒரே பெருமை, உடம்பு வேலை செய்கிறது என்று.

டாக்டர் இன்றைக்கு ஒன்று சொன்னார். கிருமி நிறையப் பேர் உடம்புக்குள் போகுமாம், பலமான உடம்பு அதை அடக்கி வைத்துவிடுமாம். கேட்டதும் பெரிய பாரம் இறங்கியது. ருமைஸாவையும் பலப்படுத்திவிட்டால் போதுமே. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லையே. வரும் வழியில் நாட்டுக்கோழி முட்டை, கருஞ்சீரகம், தேன் எல்லாம் வாங்கினேன். "என்ன, திடீர்னு மவ மேல இவ்வளவு அக்கறை?" என்று சமீரா கேலி செய்தாள்.

6.3.2024
மாடியிலிருந்து இறங்கிவிட்டேன். ருமைஸா பழையபடி என் பக்கத்தில்.

30.3.2024
ருமைஸாவுக்கு ஒரு வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல். பக்கத்து டாக்டர் வைரல் என்கிறார். முட்டையைத் துப்பிவிடுகிறாள். திட்டித் திட்டி ஊட்டினேன்.

11.4.2024
பெருநாள். புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. தலை வலிக்கிறது வாப்பா என்று படுத்தே இருந்தாள். இன்றைக்குச் சமீராவிடம் சொல்லியிருக்க வேண்டும். வீடு நிறைய ஆட்கள்.

15.4.2024
வாந்தி. கழுத்தை மடக்க முடியவில்லை. தூத்துக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

குழந்தை டாக்டர் கேட்டார்: வீட்டில் யாருக்காவது டிபி உண்டா? சமீரா தலை நிமிர்ந்து, "எங்க வீட்ல யாருக்கும் அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். நான் பின்னால் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அல்லாஹ்வே, அப்போதும் திறக்கவில்லை.

16.4.2024
விடிந்ததும் சொல்லிவிட்டேன். எனக்குத்தான், ஜனவரியிலிருந்து என்று. டாக்டர் என்னைத் திட்டக்கூட நேரமில்லாமல் உள்ளே ஓடினார். கிருமி மூளை உறைக்குப் போய்விட்டது. நேற்றே தெரிந்திருந்தால் நேற்றே மருந்து ஏற்றியிருப்பார்கள்.

சமீரா அழவில்லை. "எங்க உம்மா வீட்டு மானத்தக் காப்பாத்த எம்புள்ளயக் குடுத்தியளா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

முட்டையாம், தேனாம். நான் என்ன மனுஷன்லே?

2.5.2024
கண் திறந்தாள். யாரையும் தெரியவில்லை.

9.6.2024
லாத்தா வீட்டிலேயே படுக்கை. அந்த விலாசம் இப்போது உண்மையாகிவிட்டது. ருமைஸாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். லாத்தா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். என்னை வரச் சொல்லவில்லை.

23.7.2024
ஆறு மாதம் முடிந்தது. எக்ஸ்ரே சுத்தம். "உங்க உடம்பு நல்லா சண்டை போட்டிருக்கு" என்றார் டாக்டர் பத்மஸ்ரீ. மகளைப் பற்றிக் கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை. எக்ஸ்ரே கவரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டேன்.

4.8.2024
மாமி ஆளனுப்பியிருந்தார்: பிள்ளை தேடுகிறாள், வந்துவிட்டுப் போகட்டும்.

போனேன். கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ருமைஸா என்று கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அடுக்களையிலிருந்து மாமிதான் எட்டிப் பார்த்தார்.

சமீரா பேசினாள். நாலு மாதத்தில் முதல் தடவை.

"பின்னால நின்னு கூப்பிடாதிய. அவளுக்குக் கேக்காது. இனிமேலும் கேக்காதாம். முன்னால போயி நில்லுங்க."

சுற்றிப் போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாப்பா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.