மூன்றாம் படகுக்கு இரண்டரை குறைவு

மே 5, செவ்வாய்

படகுக் கழகத்தில் என்னைச் 'சட்டம் சார்' என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்; இப்போது முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. வயது ஐம்பது. கழகத்தின் தொழில்நுட்பச் செயலாளர். நாளை தொடங்கும் படகுத் தேர்வில் மதிப்பெண் போடும் ஐவரில் ஒருவன். அறிக்கையில் இடம்பெறக் கூடாதவற்றை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். அதற்காகவே இந்தக் குறிப்பேடு.

இருவர் ஓட்டும் அதிவேகப் பாய்மரப் படகுகள் ஐந்து வந்திருக்கின்றன. ஐந்தும் வெவ்வேறு பட்டறைகளில் செய்தவை. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த நான்கு ஆண்டுகளுக்குப் போட்டி அந்த வகைப் படகில் மட்டுமே நடக்கும். பட்டறைப் பெயர்களின் மேல் நாடா ஒட்டச் சொல்லிவிட்டேன். எண்கள் மட்டுமே தெரியும்.

என் மகளும் படகு ஓட்டுகிறாள். அவளும் அவள் தோழியும் சேர்ந்து நூற்றுப் பதினெட்டு கிலோ. இத்தகைய படகுகளில் காற்று பாயைச் சாய்க்கும்போது, ஓட்டுபவர்களின் எடைதான் படகைக் கவிழாமல் பிடித்து நிறுத்துகிறது. மூன்றாம் படகுக்கு அவர்கள் எடை போதும். ஐந்தாம் படகுக்குக் குறைந்தது நூற்று நாற்பது கிலோ வேண்டும். ஆகவே மூன்று வென்றால் அவளுக்கு வழி உண்டு. ஐந்து வென்றால் இல்லை. இதை எழுத்து மூலம் தலைவர் அம்மாவிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார். "இந்தக் கழகத்துல யாருக்கு யார் சொந்தமில்ல? எழுதிக் குடுத்துட்டீங்கல்ல, போய் வேலையைப் பாருங்க சார்."

தேர்வு முடியும்வரை வீட்டில் படகைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். மனைவிக்குச் சிரிப்பு. "மூணு, அஞ்சுன்னு சொல்லவே கூடாதா? அப்போ எத்தனை முட்டை வேணும்னு எப்படிக் கேக்கறது?"

"ரெட்டைப்படையில கேளும்மா," என்றாள் மகள்.

மே 6, புதன்

காலையில் மூடுபனி. தேர்வுக் குழுவின் விசைப்படகில் உட்கார்ந்து காத்திருந்தோம். கடலும் இல்லை, வானும் இல்லை, ஒரே வெள்ளை. திடீரென்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பாய் மட்டும் வந்தது. அடியில் படகு இல்லை, ஆள் இல்லை. பாய் மட்டும், ஓசையே இல்லாமல், யாரோ நினைத்துக்கொண்டது போல. கடந்து போய் மறைந்தது. எண்ணைப் பார்க்க மறந்தேன். முப்பது ஆண்டுகளில் முதல் தடவை.

மே 7, வியாழன்

காற்று எட்டு நாட் வேகம் (மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்). ஐந்து படகுகளையும் வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தும் நேரத்தைக் குறித்தோம்.

வீட்டுத் தரை ஆடுகிறது. கடலில் நாள் முழுவதும் இருந்தால் இப்படித்தான். கண்ணை மூடினால் சாப்பாட்டு மேசை மெல்ல நங்கூரம் அறுத்துக்கொண்டு போகிறது.

மே 8, வெள்ளி

மதிப்பெண் போடுபவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு படகிலும் நாற்பது நிமிடம் ஓட வேண்டும் என்பது விதி. எழுதியவன் நானே. எழுதியபோது எனக்கு வயது முப்பத்தாறு.

இன்று ஐந்தாம் படகு. தேர்வுக்காக வரவழைத்த ஓட்டுநர்களில் ஒருவன் சுக்கான் பிடித்தான். நான் இடுப்புப் பட்டையின் கொக்கியைப் பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் மாட்டி, படகின் விளிம்பில் கால் ஊன்றி, வெளியே சாய்ந்தேன். காற்று பதினான்கு நாட். முதல் ஐந்து நிமிடம் பயம். அதன் பிறகு படகு தண்ணீரை விட்டு எழுந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீரின் சத்தம் நின்றுபோய், ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும், தூக்கத்தில் பட்டுத் துணி கிழிவது போல. என் முதுகு அலையைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. மேலே மேகங்கள் எங்களோடு சேர்ந்து ஓடின. எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை என்று தோன்றியது.

"சார், நேரம் ஆச்சு," என்றான் ஓட்டுநர். நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. ஏழு நிமிட விதிமீறல். அறிக்கையில் பதிந்துவிட்டேன்.

மே 9, சனி

காற்றே இல்லை. ஐந்து படகுகளும் கண்ணாடி மேல் வைத்தது போல நின்றன. பாய் தைப்பவர் (அவரும் ஐவரில் ஒருவர்) வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

மே 10, ஞாயிறு

மூன்றாம் படகில் நாற்பது நிமிடம், சரியாக. நல்ல படகு. சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் இரண்டு முறை யோசித்துப் போட்டேன்.

காலையில் மகள் எடை பார்க்கும் கருவியில் ஏறி இறங்குவது குளியலறைக் கதவு வழியே கேட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு நெடு நேரம் ஒன்றும் இல்லை.

மே 12, செவ்வாய்

ஐந்து தாள்களையும் தலைவர் அம்மா கூட்டினார். ஐந்தாம் படகு 211. மூன்றாம் படகு 209½. மற்றவை வெகு தூரம். அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை.

வெளியே வந்ததும் பாய் தைப்பவர் என் தோளில் தட்டினார். "நாங்க நாலு பேரும் மூணுக்குத்தான் கொஞ்சம் கூடப் போட்டோம். உங்க தாள்தான் சார் புரட்டிப் போட்டுருச்சு. பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்காம கல்லு மாதிரி நின்னீங்க. நானா இருந்தா வளைஞ்சிருப்பேன்."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும். படகு இறக்கும் சாய்தளத்தில் ஏறி வரும்போது கால் தரையில் படவில்லை. ஐந்தாம் படகு வென்றது, நான் நேர்மையானவன். இரண்டும் ஒரே செய்தி போல இருந்தன.

வீட்டில் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. பேசக் கூடாதென்ற ஏற்பாடு வசதியாகப் போயிற்று.

மே 13, புதன்

'கல்லு மாதிரி.' நாள் முழுவதும் அந்தச் சொல் காதில். பிற்பகல் அலுவலக அறையில் தனியே உட்கார்ந்து, அந்த மகிழ்ச்சியை இன்னொரு முறை அனுபவிக்கத்தான், என் தாளின் நகலை எடுத்தேன்.

கவிழ்ந்தபின் நிமிர்த்தும் நேரம். இரண்டாம் படகு 48 நொடி: எட்டு மதிப்பெண். மூன்றாம் படகு 46 நொடி: ஏழு.

இரண்டு நொடி வேகமாக நிமிர்ந்த படகுக்கு ஒரு மதிப்பெண் குறைவு.

திருப்பத்தில் இழக்கும் வேகம், அங்கே ஒன்று. பாய் கட்டி இறக்க ஆகும் நேரம், அங்கே அரை. ஆக இரண்டரை. அதைச் சேர்த்தால் மூன்றாம் படகு 212. மூன்றுதான் வென்றிருக்கிறது.

அந்த மூன்று இடத்திலும் பேனா எப்படி நின்றது என்று எனக்கு நினைவிருக்கிறது. எட்டு என்று எழுதப்போன கை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நொடி. ஏழு. அதைக் கண்டிப்பு என்று நினைத்தேன்.

என்னடா செய்து வெச்சிருக்கே? ஊர் மெச்சணும்னு சொந்தப் பொண்ணு கழுத்துல— இல்லை. ஒழுங்காக எழுது. மகளுக்குச் சலுகை காட்டுவது மட்டும்தான் ஓரவஞ்சனை என்று நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் படகு கவிழும்.

ஜன்னலுக்கு வெளியே ஐந்து படகுகளும் சாய்தளத்தில் பாய் இறக்கிக் கிடந்தன. மாலை வெயில் அவற்றின் மேல் நெடு நேரம் நகராமல் இருந்தது. நானும்.

சும்மா இருந்தால் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. நான் விரும்பிய படகே வெல்லும். திருத்தினால்? 'கடைசி நேரத்துல மகளுக்காக ஏத்திட்டார்' என்பார்கள். சொல்லட்டும் என்று விட முடிகிறதா? முடியவில்லை. இன்னும் முடியவில்லை.

மே 14, வியாழன்

எட்டரைக்குத் தலைவர் அம்மாவின் அறை. குறைத்த மூன்று இடங்களையும் அடிக்கோடிட்டுத் தாளை முன்னால் வைத்தேன்.

"சரி, திருத்திக் குடுங்க," என்றார்.

"என் கை திருத்தக் கூடாது மேடம். குறைச்சதும் இந்தக் கைதான். தாளையே தள்ளுபடி பண்ணுங்க."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எழுதின விதிப்படி அஞ்சு தாள் இருந்தே ஆகணும். மாற்று ஆள்னா நம்ம பழைய சாம்பியன்தான். அந்தம்மாவுக்கு எந்தப் படகு பிடிக்கும்னு அந்தக் கடவுளுக்கே தெரியாது. மத்த நாலு தாள்ல மூணாம் படகு முன்னால இருக்கு. உங்க தாள் போனா அது பாதி ஜெயிச்ச மாதிரி. ஆனா அந்தம்மா அஞ்சுக்குப் போட்டுட்டா, உங்க பொண்ணுக்கு இப்ப இருக்கற வாய்ப்பும் போச்சு. திருத்தினா நிச்சயம். யோசிச்சீங்களா?"

"ராத்திரி முழுக்க."

"ஒண்ணு சொல்லட்டுமா? நேத்துவரைக்கும் உங்களைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பயம். இன்னைக்கு இல்ல." வெளியே போகச் சொல்லிக் கையசைத்தார்.

மாலையில் ஏற்பாட்டை மீறி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"மூணாம் நம்பரை ஓட்டறப்ப என்னை நெனச்சீங்களா?"

"ஆமாம்."

"படகை நெனச்சிருக்கலாமேப்பா. நான் உங்களுக்கு அவ்வளவு பெரிய சந்தேகமா?"

மனைவி வந்து அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். ஏற்கெனவே உலர்ந்த தட்டு.

மே 15, வெள்ளி

பழைய சாம்பியன் வந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது. கம்பியில் தொங்கிக்கொண்டு பாடுகிறார். கரையில் நின்று பார்க்க மட்டுமே எனக்கு அனுமதி. தூரத்திலிருந்து பார்த்தால் ஐந்து படகுகளும் ஒன்று போலவே இருக்கின்றன. வெயிலில் கரைகின்றன, திரும்பும்போது மறுபடி பிறக்கின்றன. மகளும் வந்திருந்தாள். பத்தடி தள்ளி நின்றாள். கடைசிப் படகு கரை ஏறும்வரை போகவில்லை.

மே 16, சனி

மதியம் எட்டடி தள்ளி.

மே 17, ஞாயிறு

பதினோரு மணிக்குப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஐந்தாம் படகு 213. மூன்றாம் படகு 209.

மகளின் தோழி அழுதுகொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாய் தைப்பவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தார். மகள் பலகையின் முன்னால் தனியே நின்றாள். அருகில் போனேன்.

"நான் வாயை மூடிட்டு எண்ணைத் திருத்தியிருந்தா நீ—"

"தெரியும்பா. தலைவர் ஆன்ட்டி சொன்னாங்க." கண் சிவந்திருந்தது. "அன்னைக்குத் தோத்திருந்தா உங்க பேனாகிட்டத் தோத்திருப்பேன். ஜெயிச்சிருந்தாலும் உங்க பேனாதான். இன்னைக்குப் படகுகிட்டத் தோத்தேன். இது பரவால்ல. வலிக்குது. ஆனா பரவால்ல."

இருவரும் படகுத்துறையின் முனைவரை நடந்தோம். அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்கவில்லை. ஒற்றை ஆள் படகுக்கு மாறலாம், படிப்பை முடிக்கலாம் என்று அவளாகவே ஏதேதோ சொன்னாள். பாதி தண்ணீரிடம் சொன்னாள். பிறகு, "அந்த அஞ்சாம் நம்பர் நெஜமாவே அவ்வளவு நல்லா இருக்குமாப்பா?" என்றாள்.

நாற்பத்தேழு நிமிடத்தையும் சொன்னேன். மேகங்களைப் பற்றியும். இத்தனை நேரம் நான் பேசி அவள் கேட்டது கடைசியாக எப்போது என்று தெரியவில்லை.

"எனக்கு மூணுதான்," என்றாள் கடைசியில். "ஒரு தடவைகூட ஏறல. உங்க விதி."

உண்மை. தேர்வாளரின் உறவினர் தேர்வுப் படகுகளில் ஏறக் கூடாது. ஆனால் தேர்வு முடிந்துவிட்டது. நான் தேர்வாளனும் இல்லை. பட்டறைக்காரர் மூன்றாம் படகைச் செவ்வாய்க்கிழமைதான் லாரியில் ஏற்றுகிறார். கேட்டேன். "எடுத்துக்கங்க சார், பத்திரமாக் கொண்டாந்தாச் சரி," என்றார்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் படகில் ஏறப்போகிறேன். சுக்கான் அவளிடம். கம்பியில் தொங்குவது நான். எப்போது திரும்பச் சொல்கிறாளோ அப்போது திரும்புவேன். போதும் என்று அவள் சொல்லும்வரை கரைக்கு வர மாட்டேன்.