சாரம் எடுத்த சாம்பல்

பெட்டியைத் திறந்ததும் உன் பானைக் கொட்டகை வாசனைதான் முதலில் வந்தது. களிமண்ணும் அந்துருண்டையும் கலந்த வாசனை. உன் அண்ணன் மகள் இரண்டு தகரப் பெட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்துவிட்டாள். சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்தில் உன் காகிதங்களைக் கேட்டிருக்கிறார்களாம். "அத்த எழுத்து யாருக்கும் புரியலீங்க. நீங்கதான் படிச்சி, எது என்னான்னு சீட்டு எழுதி வெக்கணும்" என்றாள். உன் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்ற பெருமை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. உடனே ஒத்துக்கொண்டேன்.

கடிதக் கட்டுகள், கண்காட்சி அழைப்பிதழ்கள், காலண்டர் தாளின் பின்பக்கம் நீ வரைந்த ஜாடிகள். எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிவிட்டேன். சூளை நோட்டு ஒன்றுதான் பாக்கி. ஒவ்வொரு முறை சூளை வைத்தபோதும் என்ன விறகு, எவ்வளவு நேரம், பூச்சுக்கு எந்தச் சாம்பல் என்று குறித்து வைத்திருக்கிறாய். சாம்பல் என்ற இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் என் பெயர்.

சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்து, திருத்தணியில் உங்கள் நைனா வீட்டுக்குப் பின்னால் நீ சூளை கட்டியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. நான் அப்போது பொதட்டூர்பேட்டையில் ஒரு தறி வீட்டு மருமகள். மாதக் கிருத்திகை ஒன்றுதான் எனக்கு விடுதலை. மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு நேராக உன் கொட்டகைக்கு வந்துவிடுவேன். எங்கள் வீட்டில் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும் அடுப்பில் புளியங்கட்டைதான் எரியும். அந்தச் சாம்பலைக் களிமண்ணோடு கரைத்துப் பூசிச் சுட்டால் ஜாடியில் தேன் நிறம் வரும் என்று கண்டுபிடித்தவள் நீ. அதற்காக மாதாமாதம் ஒரு பை சுமந்து வருவேன். "ஊருல எல்லாம் மலைக்குக் காவடி எடுத்துகினு போறாங்க, எம் மருமவ சாம்பல் மூட்ட எடுத்துகினு போறா" என்று என் மாமியார் சொல்லாத வீடு இல்லை. உன்னிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்துச் சக்கரத்தில் இருந்த பானையைக் கோணலாக்கிவிட்டாய்.

சென்னைக் கண்காட்சியில் உனக்கு முதல்முறையாக இடம் கிடைத்த சமயம் அது. எங்கள் ஊரில் நூல் வெளுக்கச் சலவைச் சோடா கிடைக்கவில்லை. வீட்டில் பழைய வழக்கப்படி சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, அதில் நூலை வேகவைத்தார்கள். அடியில் தங்கிய சாம்பலை நான் வெயிலில் காயவைத்துச் சலித்து உனக்குக் கொண்டுவந்தேன். பார்க்க முன்னைவிட வெள்ளையாக, மாவு மாதிரி இருந்தது. நல்ல சாம்பல் என்றே நினைத்தேன், சத்தியமாக.

அடுத்த கிருத்திகைக்கு நான் வந்தபோது நீ சூளையைத் திறந்து ஜாடிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு ஜாடியிலும் தேன் நிறம் இல்லை. காய்ந்த கஞ்சி ஒட்டினாற்போல எல்லாம் வெளிறிக் கிடந்தன. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நூலுக்குப் போன சாரம் ஜாடிக்கு எங்கிருந்து வரும்?

"ஏண்டி, சாம்பல்ல வேற ஏதாச்சும் கலந்துச்சா?" என்று கேட்டாய்.

"இல்லியே. எப்பவும் எடுத்தார மாதிரிதான் எடுத்தாந்தேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேள். சாம்பல் இல்லையென்றால் உன் கொட்டகையில் எனக்கு என்ன வேலை? அந்த ஒரு நாளும் போயிருந்தால் தறிச் சத்தத்துக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்திருப்பேன். பயந்துவிட்டேன். நீ கண்காட்சிக்குப் போகவில்லை. சூளையை இடித்து, புதிதாகக் கட்டினாய். அதற்குள் கடைக்குச் சோடா வந்துவிட்டது, நானும் பழையபடி சாரம் எடுக்காத சாம்பலையே கொண்டுவந்தேன், தேன் நிறமும் வந்தது. "சூளதான்டி கோளாறு, நல்லவேள இடிச்சேன்" என்று நீ சொன்னபோது தலையாட்டினேன். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ படுத்திருந்தபோது சொல்லிவிட வாயெடுத்தேன். "என்னாடி முழிக்கிற, சாத்துக்குடி உரி" என்றாய். உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று அந்தப் பக்கத்தைப் படித்தேன். காரணங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கோடு போட்டு அடித்திருக்கிறாய். விறகு ஈரம், ஒரு கோடு. காற்று, ஒரு கோடு. மூன்றாவதாகச் சாம்பல். அதையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: "அவள் கொண்டுவந்தது. அதில் குறை இருக்காது." கடைசியில், "சூளை கட்டினதில் தப்பு. என் கைதான்."

நாளைக்கு யாரோ படித்தவர்கள் இதைப் புரட்டுவார்கள். உனக்குச் சூளை கட்டத் தெரியவில்லை என்று முடிவு செய்வார்கள். அதனால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனிச் சீட்டு எழுதினேன். "காரணம் சாம்பல். சாரம் எடுத்த சாம்பல். கொடுத்தவள் நான். கேட்டபோது பொய் சொன்னேன்." கீழே கையெழுத்தும் போட்டேன்.

உன் அண்ணன் மகள் படித்துவிட்டுச் சங்கடப்பட்டாள். "இத்தினி வருஷம் கழிச்சி இது எதுக்குங்க? உங்க பேருதான கெடும்?"

"ஆங், கெடட்டும். அத்தோடவே வெச்சிக் கட்டு" என்றேன்.

அவள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டாள். சீட்டு எழுதியதால் பாரம் குறைந்தது என்று உன்னிடமாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன். நீ என்னைச் சந்தேகப்பட்டிருப்பாய், தெரிந்தும் பெரிய மனதாக விட்டிருப்பாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.