உன் காதில் நான் சொல்லாமல் விட்டது

ஜெராக்ஸ் கடையைத் திறக்க வந்தபோது எதிர்ச் சுவரில் உன் பெயரை அழித்துக்கொண்டிருந்தார்கள். இடைத்தேர்தல் அறிவித்தாயிற்று. சுவர்களில் எந்தப் பெயரும் இருக்கக் கூடாதாம். ஈரச் சுண்ணாம்பின் நெடி கடைக்குள்ளும் வந்தது. நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. உன் பெயர் மறைவதைப் பார்த்து என் மனம் ஒரு கணம் லேசானது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாமக்கல் கல்லூரியில் பேச்சுப் போட்டிக்கு நான் எழுதித் தருவேன், நீ பேசுவாய். கைதட்டல் உனக்கு. சட்டமன்றத் தேர்தலில் நின்றபோதும் கடைக்கு வந்து அப்படித்தான் கேட்டாய். "எனக்கு மூஞ்சி நெனப்பிருக்கும், பேரு நிக்காது. நீ கூட வா புள்ள."

வந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் உன் காதில் சொல்வேன்: "செல்லம்மா. மக நர்சிங் படிக்கறா." நீ இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொள்வாய். "ஏனுங் செல்லம்மாக்கா, புள்ள படிப்ப முடிச்சுட்டாளா?" அவர் கண் கலங்கும். "நம்மளயெல்லாம் நெனப்பு வெச்சிருக்குதே, மவராசி!" ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வருடக்கணக்காக ஃபாரம் எழுதியதில் எனக்குச் சேர்ந்த நினைவு அது. நான் நோட்டீஸ் கட்டோடு உன் பின்னால் நின்றிருப்பேன்.

ஜெயித்த பிறகும் ஊர் ஊராகப் போனோம். ஒரு நாள் ஒரு பெரியவர் என்னைக் காட்டி, "இது யாருங், உங்கூட்டு வேலைக்காரிங்களா?" என்றார். "வேலைக்காரியா? எம்பட மொதலாளிங்க!" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் பேச்சுக்குத்தான் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது.

அடுத்தது கோழிப்பண்ணையை ஒட்டிய பாவாயி அக்கா வீடு. உன் காதில் சொன்னேன்: "பாவாயி. ஊட்டுக்காரருக்கு மூட்டுவலி." அவ்வளவுதான் சொன்னேன். அக்காவின் கணவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தை என் கையால்தான் எழுதியிருந்தேன்.

"அக்கா, மாமனுக்கு மூட்டுவலி தேவலைங்களா?" என்று கேட்ட பிறகுதான் அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தாய். நீ அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. வண்டியில் ஏறியதும் திட்டப்போகிறாய் என்று காத்திருந்தேன். "அடுத்த ஊடு யாருது, சொல்லு புள்ள" என்றாய். அதற்குப் பிறகும் அதைப் பற்றி நீ கேட்டதே இல்லை.

போன வாரம் புது வேட்பாளரின் ஆட்கள் கடைக்கு வந்தார்கள். "அந்தம்மாகூடப் போன மாதிரி எங்ககூடவும் வாங்கக்கா." முடியாது என்று அனுப்பிவிட்டேன். இன்னொரு காதில் அந்தப் பெயர்களைச் சொல்ல நா எழவில்லை. மறுநாள் பாவாயி அக்கா வீட்டுக்குப் போனேன். நாம் சேர்ந்து செய்ததில் எல்லாமே உன் பெயரில் போயிற்று; அந்த ஒரு குற்றமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, மாமா போனது அன்னிக்கு எனக்குத் தெரியுமுங்க. வேணும்னேதான் அவகிட்டச் சொல்லல."

அவர் அட்டையில் முட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும் சாமி. மக்யாநாளு விடிஞ்சதுமே அந்தப் புள்ள தனியா வந்துச்சு. 'அக்கா, அவ எங்கிட்டச் சொல்லித்தான் இருந்தா, நாந்தான் மறந்துபோட்டேன். அவள ஒண்ணும் நெனச்சுக்காதீங்க'ன்னுச்சு. பொய்யின்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. அந்தப் பொய்யிக்கே நான் அவளுக்கு ஆயுசு பூரா ஓட்டுப் போடலாம்னு இருந்தேன்."

என் துரோகத்தையும் நீ உன் ஓட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறாய். எனக்கென்று அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

எழப்போனபோது அவர் தலை நிமிர்ந்தார். "ஆமா, இத்தன நாளு பழகி உம்பேரு கேக்கவே இல்லியே. ஃபாரம் எழுதற புள்ளன்னேதான் தெரியும். உம்பேரென்ன சாமி?"

சொன்னேன். ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபடியும் உன்னைப் பற்றியே பேச ஆரம்பித்தார். பொறாமை கொஞ்சமும் தணியவில்லை. ஆனாலும் எழுந்து வர மனமில்லாமல், அவர் உன்னைப் பற்றிச் சொல்லி முடிக்கிற வரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.