கன்னத்தில் ஒதுக்கிய கல்கண்டு

இன்று காலை முதலியார்பேட்டைப் பல் டாக்டர் என் கடைவாய்ப்பல்லைக் குடைந்தபோது ஒரு நாற்றம் கிளம்பியது. என் வாயிலிருந்துதான் வருகிறது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ், மாஸ்க் போட்டிருந்தும், முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பல் எனக்குப் புதிதல்ல. நீ பேசும்போதெல்லாம் நான் அப்படித்தான் திருப்பினேன்.

மாதா கோயில் பாட்டுக்குழுவில் நீயும் நானும் தோளோடு தோள் நின்று பாடியவர்கள். குழுவை நடத்திய கிழவரை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சு வழக்கில், முசே என்று கூப்பிடுவோம். தொண்டை காயாமல் இருக்க ஆளுக்கொரு கல்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கச் சொன்னவர் அவர்தான். "மெல்லக் கூடாது, தானா கரையணும்" என்பார். பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது, ஆனால் மருந்து சாப்பிடலாம் அல்லவா? அதனால் கல்கண்டு மருந்து என்று நாமே முடிவுகட்டிக்கொண்டோம். மருந்து என்று ஆன பிறகு வாய் கொப்பளிப்போமா? கொப்பளித்தால் பலன் போய்விடும் என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றோம்.

நீ இன்னும் ஒரு படி மேலே போனாய். சமைக்கும்போது ஒன்று, ஸ்கூட்டரில் லாஸ்பேட்டைக்கு வேலைக்குப் போகும்போது ஒன்று, படுக்கையிலும் ஒன்று. "தூங்கறப்ப ஒன்னு இருந்தாத்தான்டி காலைல கொரல் பளிச்சுன்னு இருக்குது" என்பாய். "ஒரு நாள் உன் காதுல எறும்பு குடித்தனம் வந்துடும் பாரு" என்று நான் கிண்டல் செய்வேன். நீ சொன்ன மாதிரி உன் குரலும் பளிச்சென்றுதான் இருந்தது. நீ எடுத்துக் கொடுத்தால்தான் எனக்குப் பாட்டே வரும்.

பிறகு உன் கடைவாய்ப்பல்லில் குழி விழுந்தது. அதில் கிராம்பைத் திணித்தாய், பஞ்சைத் திணித்தாய். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. "புடுங்கிடுவாருடி. பல்லு போச்சுன்னா பாட்டுல காத்து போயிடும்" என்றாய். பஞ்சு ஊறி, கிராம்பு ஊறி, நீ வாயைத் திறந்தால் செத்த எலி கிடக்கிற மாதிரி இருந்தது. எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் அருவருப்பு, தெரியுமே. சொந்த அம்மா வீட்டிலேயே டம்ளரை இரண்டு தடவை கழுவிக் குடிக்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாமல் வரிசையின் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டேன்.

"ஏண்டி தள்ளிப் போயிட்ட?" என்று கேட்டாய்.

"அங்க ஃபேன் காத்து ஒத்துக்கலடி" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து கையை வாய்மேல் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாய். அப்புறம் தொண்டை சரியில்லை என்று முசேவிடம் சொல்லிவிட்டுப் பாட வருவதையே நிறுத்திவிட்டாய். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோயில் வாசலில் கூடி நின்று அதைப் பற்றிப் பேசவும் செய்தோம். உன் முகத்துக்கு நேரே ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சீ, என்ன பிறவிகள்.

"எவ்ளோ இனிப்புங்கறத விட எவ்ளோ நேரம் வாயில கெடக்குதுங்கறதுதாம்மா முக்கியம்" என்றார் இன்றைக்கு டாக்டர். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கிறதாம். அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறதாம். இடைவெளி விட்டுத் தின்றால் எச்சில் அந்த அரிப்பைக் கொஞ்சம் சரிசெய்துவிடுமாம். தூக்கத்தில் எச்சிலும் குறைந்துவிடுமாம். இனிப்பு தின்றால் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், காலையிலும் படுக்கும் முன்பும் ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்த பிறகு எதுவும் தின்னக் கூடாது. "ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்னதா அடைச்சிருப்பேன்" என்று அவர் சொன்னது என் பல்லைப் பற்றி. எனக்கு உன் பல்தான் கண்ணில் நின்றது. 'வாய் நாறுதுடி, வா டாக்டர்கிட்டப் போவோம்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பாடிக்கொண்டே இருந்திருப்பாய்.

உன்னைக் கொண்டுபோனது சிறுநீரக நோய், பல் அல்ல. ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். என்னைக் கண்டதும் போர்வை நுனியை இழுத்து வாயை மூடிக்கொண்டாய். துணிக்குள்ளிருந்தே ஏதோ சொன்னாய், நீளமாக. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துணியை எடுடி என்று நான் சொல்லவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோகவும் இல்லை. மூடியிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. புரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு, சுவரோரம் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு நாளில் நீ போய்விட்டாய். கடைசியாக என்னிடம் என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.